கை டாக்டர் மேல் விழுந்த பழி

போன மாதம் அமலா போன் செய்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லின் முதலுதவி அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்த நர்ஸ் அது. நல்ல பெண். மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி எதற்கும் என்னைக் கூப்பிடும்.

"அண்ணா, இங்க ஆஸ்டியோபதின்னு, கையால அமுக்கி வைத்தியம் பாக்கறதாம், புதுசா ஒருத்தர கூட்டினு வரப்போறாங்களாம். அடுத்த மாசம் கமிட்டி மீட்டிங். யூனியன்ல வோணவே வோணாம்ன்றாங்க. முன்னாடி ஒரு அமெரிக்கா டாக்டரு வந்து ஏழுமலைன்றவரு இடுப்ப ஒடச்சி உட்டுட்டாராமே? நீங்கதான அப்ப இருந்தீங்க, நெசமாண்ணா?"

"இருந்தேம்மா" என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்காத நேரம் அது.

அமலா கேட்டதற்குப் பதில்தான் இது. போனில் சொல்லியிருந்தால் நான் சுற்றி வளைத்திருப்பேன்.

நான் படித்து வந்தவன் இல்லை. பத்தாவதில் தவறி, மில்லில் ஸ்டோர் ஹெல்பராகச் சேர்ந்தேன். பழைய கம்பவுண்டர் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டபோது என்னை அந்த அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு முதலுதவிப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான் என் படிப்பு. கண்ணில் விழுந்த இரும்புத் தூளைக் கழுவுவது, தீக்காயத்துக்குத் துணி சுற்றுவது, நசுங்கிய விரலைப் பார்த்து மயங்கி விழும் நண்பனை முதலில் தூக்குவது எல்லாம் பார்த்துப் பார்த்து வந்தவை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. மனிதர்கள் வலியைச் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "தலைக்குள்ள கிரேன் ஹாரன் அடிக்குது தாமு" என்பான் ஒருவன். "முட்டியில யாரோ மணலு கொட்டி வெச்சிக்கீறான்" என்பான் இன்னொருவன். கம்பி கட்டுகிற காண்ட்ராக்ட் பெண் ஒருத்தி, "இந்தத் தலவலி எம் மாமியா மாறிண்ணா, வரும்போதே பொட்டியோட வருது" என்றாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இதையெல்லாம் எழுதி வைத்தேன். பதிவேட்டில் 'தலைவலி' என்று மட்டும்தான் எழுத இடம் இருக்கும். நோட்டில் முழுதாக இருக்கும். அந்த நோட்டைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது.

எங்கள் ஆலை டாக்டர் கோதண்டம். எம்.பி.பி.எஸ். தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை வருவார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் பேனா டாக்டர். ஆள் உட்காரும்போதே பேனா மூடி திறந்துவிடும். "எத்தினி நாளா?" என்பார். பதில் முடிவதற்குள் சீட்டு கிழிந்து கைக்கு வந்துவிடும். தலை நிமிராது. ஆனால் அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலை நாஷ்டா செரிக்கவில்லை என்று ஏப்பம் விட்டுக்கொண்டு ஒரு வெல்டர் வந்தான். பேனா பாதியில் நின்றது. மூன்றாவது ஏப்பத்தில், "வண்டி எடு" என்றார். மாரடைப்பு. அவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். காதால் பார்க்கிற டாக்டர் அவர்.

அப்புறம்தான் சாமுவேல் டாக்டர் வந்தார். மீஞ்சூர் பக்கம் கழனி வேலை செய்த குடும்பம். அப்பா படித்து அமெரிக்கா போனவர். இவர் சின்னப் பிள்ளையாகப் போய் அங்கேயே டாக்டர் ஆனவர். வயதான காலத்தில் மீஞ்சூர் வீட்டில்தான் இருப்பேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்க, அவரோடு கூட வந்துவிட்டார். இங்கே வைத்தியம் பார்ப்பதற்கான பதிவு அவருக்குக் கிடைக்கவில்லை, மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் பாதுகாப்பு அதிகாரிக்கு அவரைத் தெரியும். பாரம் தூக்கும் முறையைச் சொல்லித்தரவும், முதுகுவலிக்காரர்களைப் பார்க்கவும், கோதண்டம் டாக்டரின் பொறுப்பில், புதனும் சனியும் காலையில் வரச் சொன்னார்.

அவர் பேசுகிற தமிழ் அம்மா அப்பாவிடம் கேட்டது. "இன்னா நைனா, எங்க வலிக்கிது?" என்று அமெரிக்க நாக்கில் அவர் கேட்டால் பெஞ்சில் இருக்கும் பத்துப் பேரும் வலியை மறந்து சிரிப்பார்கள்.

முதல் வாரமே கேட்டேன். "சார், நீங்க எலும்பு டாக்டரா?"

"இல்ல தாமு. எல்லா டாக்டரு மாறிதான். அங்க ரெண்டு வகை காலேஜ் கீது. ரெண்டுலயும் அதே பாடம், அதே ஆஸ்பத்திரி. ரெண்டு பேரும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் பண்ணலாம், பிரசவம் பாக்கலாம். எங்க ஆஸ்டியோபதி காலேஜ்ல கூடவே கையால பாக்கவும் கத்துத் தருவாங்க. அவ்ளோதான்."

"அப்ப இங்க சில பேரு இதே பேர்ல போர்டு மாட்டிக்கினு கீறாங்களே சார்?"

"அதுல டாக்டருக்குப் படிச்சவனும் இருப்பான், படிக்காதவனும் இருப்பான். போர்ட பாக்காத. ஆள கேளு, இன்னா படிச்சேன்னு."

அமலா, உன் கமிட்டியில் இதை அப்படியே சொல். வரப்போகிறவர் எந்த வகை என்று முதலில் கேட்கச் சொல்.

அவரைக் கை டாக்டர் என்றார்கள். அவர் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நோயாளி உள்ளே வரும்போது உட்கார்ந்திருக்க மாட்டார். கதவுக்கு எதிரே நின்று, ஆள் நடந்து வருவதைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார். குதிகாலில் நடக்கச் சொல்வார், விரல் நுனியில் நடக்கச் சொல்வார். படுக்க வைத்து ஒரு காலை நேராகத் தூக்குவார். சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டுவார். பிறகு ஐந்து கேள்விகள். விழுந்தாயா? சாயங்காலத்தில் காய்ச்சல் வருகிறதா, உடம்பு இளைக்கிறதா? படுத்து ஓய்வெடுத்தாலும் வலி விடவில்லையா? கால் தளர்கிறதா, தடுக்குகிறதா? ஐந்தாவது: ஒண்ணுக்குப் போவது எப்போதும் போல இருக்கிறதா, தொடை இடுக்கில் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா?

இதற்கெல்லாம் பிறகுதான் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி முதுகில் வைப்பார். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், காது கொடுத்துக் கேட்பது போல. அப்புறம் ஒரு பக்கம் தோளை நான் பிடிக்க, அவர் இடுப்பில் ஒரு திருப்பு. 'டக்' என்று ஒரு சத்தம். பெஞ்சுக்காரர்கள் கை தட்டாத குறை.

சிலரை அவர் தொடவே மாட்டார். ஃபர்னஸில் வேலை பார்த்த ஒருவன் முதுகுவலி என்று வந்தான். இரண்டாவது கேள்விக்கு, "ஆமா சார், சாயங்காலமானா உடம்பு அனலா கொதிக்கிது, பேண்ட்டு லூசாயிட்ச்சி" என்றான். சாமுவேல் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கோதண்டம் டாக்டருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். அவர் படம் எடுக்க அனுப்பினார். முதுகெலும்பில் காசநோய். மாத்திரையில் குணமானான். "அவரு கையெழுத்து செல்லாது, என் கையெழுத்து செல்லும். அதுக்காக அவருக்கு மூளை கம்மின்னு நெனச்சிடாத" என்றார் கோதண்டம் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே.

இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தது. ஆனால் நான் கற்றுக்கொண்டது அந்த 'டக்' மட்டும்தான்.

மற்ற நாட்களில் ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள். "தாமு, நீதான் தெனம் பாக்கறியே, ஒரு அமுக்கு அமுக்கி உடேன்." முதலில் மறுத்தேன். ஒரு நாள் ஒருவனுக்குச் செய்தேன். சத்தம் வந்தது. அவன் எழுந்து கையை உதறி, "சின்ன டாக்டரே!" என்று கும்பிட்டான். அன்று வீட்டுக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவில் என் கைகளை நானே பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பெயர் எனக்கு ருசித்துவிட்டது.

ஏழுமலை ரோலிங் பகுதியில் சூடான கம்பியை இடுக்கியால் பிடிக்கிறவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். என் மனைவிக்குச் சித்தப்பா முறை, எனக்கு மாமா. மில்லில் எல்லாரும் என்னைத் தாமு என்றபோது அவர் மட்டும் மாப்ள என்பார், நான் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டியவனிடம் அப்படித்தான். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை முன்னால் மாமன்காரன் சட்டையில்லாமல்கூட நிற்க மாட்டான்.

ஒரு வியாழக்கிழமை, பேனா டாக்டர் போன பிறகு வந்தார். கம்பி வழுக்கி, இடுக்கியோடு சேர்ந்து இடுப்பும் முறுக்கிக்கொண்டதாம். படுக்க வைத்துத் திருப்பினேன். 'டக்'. "ஆங், இப்ப தேவல மாப்ள" என்று போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி வந்தார். நடை கொஞ்சம் அகன்று இருந்தது.

"ரெண்டு காலும் மதமதன்னு கீது மாப்ள."

"நேத்து அமுக்கினது இல்ல மாமா, அப்டித்தான் இருக்கும்."

"குந்துனா... எப்டி சொல்றது... பஞ்சு மூட்ட மேல குந்துனா மாறி கீது. கீய நாற்காலி கீறதே தெர்ல."

எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவு பிடித்துவிட்டது. "மாமா, மகாராஜாவுக்குத்தான் அப்டி இருக்கும்!" என்று சிரித்தேன். அவரும் பாவம் சிரித்தார். நோட்டை எடுத்து அவர் எதிரிலேயே எழுதினேன்: பஞ்சு மூட்டை மேல் குந்தினாற்போல்.

இடையில் இரண்டு முறை கழிவறைக்குப் போய் வந்தார். "இன்னா மாமா?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா போய் நின்னுட்டு வரேன்" என்றார். ஐந்தாவது கேள்வி எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. வெளியே பெஞ்சில் பெண்கள். எதிரே என் மாமனார் முறை. தொடை இடுக்கில் தொட்டால் தெரிகிறதா என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது? அவரும் எந்த வாயால் சொல்வார்? சொல்ல முடியாததைத்தான் பஞ்சு மூட்டை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. இன்னொரு முறை திருப்பி, வெந்நீர்ப் பை வைத்து, "நாளைக்கி கை டாக்டரு வருவாரு, காட்டிடலாம்" என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை மாமா இருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவுக்கு எதிரே நின்ற சாமுவேல் டாக்டர் நான்கு அடி நடந்ததைப் பார்த்தார். "எல்லாரும் வெளிய போங்க. தாமு, நீயும்." இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. "ஆம்புலன்ஸ். இப்பவே." மாமாவின் அடிவயிறு சிறுநீர் தேங்கிப் பானை போல் உப்பியிருந்ததாம். அவருக்கு முட்டுகிறது என்ற உணர்ச்சிகூட இல்லை.

முதுகில் தட்டு ஒன்று பிதுங்கி, கீழே போகும் நரம்புக் கொத்தை நசுக்கியிருந்தது. அன்றே சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்தார்கள். கால் முக்கால்வாசி திரும்பியது, கோல் ஊன்றி நடக்கிறார். சிறுநீர் தானாகப் போவது திரும்பவில்லை. குழாயும் பையும் நிரந்தரமாகிவிட்டன.

திங்கட்கிழமை, தன் நாள் இல்லாதபோதும், சாமுவேல் டாக்டர் வந்து என் நோட்டைக் கேட்டு வாங்கினார். அவர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பஞ்சு மூட்டை வரியில் விரல் நின்றது.

"இது எப்ப சொன்னாரு?"

"வெள்ளிக்கெழம சார்."

"அஞ்சாவது கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"மாமா சார்."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு, "உன் கை கெடுத்துச்சான்னு என்னால சொல்ல முடியாது. இந்த ஒரு நாள் கெடுத்துச்சி" என்றார்.

மேலாளர்கள் மருத்துவமனைக்குப் போய் மாமாவிடம் யார் அமுக்கியது என்று கேட்டிருக்கிறார்கள். "கை டாக்டருதான்" என்றாராம். கேள்விப்பட்டு ஓடினேன். வார்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவுருக்கு அமெரிக்கா கீது. உனுக்கு இன்னா கீது மாப்ள? எங்கண்ணம் பொண்ணு நடுத்தெருவுல நிக்கணுமா? போ, வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அறிக்கை எழுத கோதண்டம் டாக்டர் உட்கார்ந்தார். பேனா மூடி திறந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தாமோதரன், புதன்கிழமை ஏழுமலை வந்ததா பதிவேட்ல இல்ல. உனக்குச் சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

டிரேயில் இருந்த கத்தரிக்கோல்களை வரிசைப்படுத்திக்கொண்டே, "இல்ல சார்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுதினார். அவர் எழுதியதை நான் படிக்கவில்லை. ஆனால் மேலாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பதிவில்லாத வெளி ஆள் கை வைத்தான், ஆள் முடங்கினான். பாதுகாப்பு அதிகாரிக்குத் திட்டு. சாமுவேல் டாக்டருக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சுத்தியலை எடுத்துப்போக வந்தார். நாள் கணக்கு அவருக்குத் தெரியாதா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வெளியே போயிருப்பேன். "உனக்குக் கைய மொதல்ல காட்டிட்டேன் தாமு. கேள்விய மொதல்ல கத்துத் தந்திருக்கணும். அது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் அப்பா காலமானதும் அமெரிக்கா போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் மில்லில் முதுகுவலிக்காரன் நடப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. நானும் அன்றிலிருந்து ஒருவர் முதுகிலும் கை வைக்கவில்லை. அந்த ஐந்தாவது கேள்வியை மட்டும் கூச்சமில்லாமல் எல்லாரிடமும் கேட்டேன், ஓய்வு பெறும் நாள்வரை. ஒருவர் விஷயத்தில் தவறியதை ஆயிரம் பேரிடம் கேட்டு ஈடு கட்ட முடியாது.

அமலா போன் செய்ததற்கு மூன்றாம் நாள் என் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். என் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "சித்தப்பாவ கேக்காம எயுதாத."

கமிட்டிக்குக் கடிதம் போய்விட்டது. மீஞ்சூரில் சாமுவேல் டாக்டரின் அத்தையிடம் எண் வாங்கி அவரிடமும் பேசிவிட்டேன். ஏழுமலை எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "சரி தாமு" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது. இது இரண்டுக்கும் முன்னால், மனைவி சொன்ன அன்றே, ஊத்துக்கோட்டையில் இறங்கி மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா கட்டிலில் இருந்தார். இடுப்புக்குக் கீழே எப்போதும் போல் துண்டைப் போர்த்தியிருந்தார். இத்தனை வருடத்தில் நான் அந்தப் பையைப் பார்த்ததில்லை. நான் வந்தால் துண்டு வரும், மாற்றும் நேரமானால் மாமாவின் மனைவி, என் அத்தை, என்னை வெளியே மோர் குடிக்க அனுப்பிவிடுவாள்.

"வோணாம் மாப்ள" என்றார், நான் சொல்லி முடிப்பதற்குள். "ஆறிப்போனத ஏன் கெளர்ற? ஊரெல்லாம் படிக்கும். ட்யூபு, பையின்னு..."

"அந்த டாக்டரு பேரு இன்னும் அங்க கெட்டுக்கினு கீது மாமா. நான் அமுக்கினது. நான் கேக்காம உட்டது."

கதவருகே அத்தை நின்றிருந்தாள். மாமா அவளிடமும் கை டாக்டர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். இத்தனை வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு இலை போட்டுவிட்டு அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே பரிமாறியவள்.

"நீயா?" என்றாள்.

"ஆமா அத்த."

"அந்த மனுசன் வெளங்காம போவணும்னு நான் சாபம் உட்டுக்கினு கீறனே. நீ அத கேட்டுக்கினே துன்னுட்டு போனியா?"

மாமா, "ஏய், மாப்ளகிட்ட இன்னா பேச்சு பேசற?" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியும் புதுப் பையும் எடுத்து வந்தாள். நான் வழக்கம் போல வெளியே போக எழுந்தேன்.

"எங்க போற? நில்லு."

"அடியே, மாப்ள நிக்கறாரு..." என்றார் மாமா.

"நிக்கட்டும். எயுதப் போறேன்றாரு இல்ல, பாத்துட்டு எயுதட்டும்."

துண்டை எடுத்தாள். மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் குழாயை மடித்துப் பிடித்து, நிறைந்த பையைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

"புடி."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.